கட்டுத்துணி

குடைகள் தோளில் இடிக்கவில்லை.

இரவு முழுக்க வார்டில் நின்ற கால்கள் வேறு யாருடைய கால்களோ போலக் கனக்க, மைசூர் அக்ரஹாரத்து வீட்டின் பூட்டைத் திறந்து, வழக்கம்போல இடது தோளை ஒடுக்கிக்கொண்டு நுழைந்த ரோசலினுக்கு முதலில் பட்டது அதுதான். கதவுக்குப் பின்னால் கூரை வரை சாய்த்துவைத்திருந்த குடைக்குவியல் இருபது வருடமாக அவள் தோளில் இடித்து வந்தது. இன்று இடிக்காததால் அவள் நிலைதடுமாறி விழப் பார்த்தாள்.

சாதாரணக் குவியல் இல்லை அது. அந்தக் குடைகளை வரிசையாக விரித்தால் தசரா ஊர்வலம் யானைகளோடு சேர்த்து ஒரு சொட்டு நனையாமல் போய்ச் சேர்ந்திருக்கும். ஒன்றாவது விரிந்திருந்தால். விரியாது. ஒன்றுக்குத் துணி இல்லை, ஒன்றுக்குக் கம்பி இல்லை, சிலவற்றுக்குக் கைப்பிடி மட்டுமே உண்டு, அந்தக் கைப்பிடியைக் குடை என்று நம்புவதற்கு மரியராஜின் கண் வேண்டும்.

மரியராஜ் அவள் கணவர். ரயில்வே ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யார் எதை எறிந்தாலும் குனிந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். மூடி இல்லாத கூஜா வரும். ஆறு மாதம் கழித்து கூஜா இல்லாத மூடி வரும். இரண்டும் பொருந்தாது. வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய் நாலைந்து வருடமாகியும் அவன் விட்டுப்போன ஒற்றைப் பூட்ஸ்கள் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. கேட்டால் ஒரே பதில்தான். "எதுக்காவது ஆகும்."

பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதையும் சாய்த்தபோது அவருடைய பேச்சையும் வாரிக்கொண்டு போயிற்று. ஒரே ஒரு சொல்லை மட்டும், ரோசலினை வெறுப்பேற்றவே விட்டுவைத்ததுபோல, விட்டுவைத்தது. பசித்தாலும் அதுதான். நெஞ்சு வலித்தாலும் அதுதான்.

"ஆகும்" என்றார் இப்போதும், கூடத்துக் கட்டிலில் இருந்து.

"எல்லாம் ஆகும், நீங்க படுங்க," என்றாள் அவள்.

குடைகள் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். தரை பெருக்கியிருந்தது. விளக்குமாற்றின் வளைவு வளைவான கோடுகள் தெரிந்தன. அதன்மேல் சன்னமாக, சல்லடையில் சலித்துத் தூவியதுபோல, வெள்ளைப் பொடி. விரலில் தொட்டு மோந்தாள். சுண்ணாம்பு. அதோடு இன்னொரு வாசனையும் இருந்தது. நனைந்த வைக்கோலை மூடிவைத்துத் திறந்தால் வரும் இனிப்பான புழுக்கம்.

அந்தக் குடைகளை வெளியேற்றச் சொன்னது அவள்தான். நாள்தான் தப்பு. சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்தாள். இன்று புதன்.

*

ஏற்பாடு இதுதான். மகள் மோலி கோலார் தங்கவயலில் நிறைமாதமாக இருந்தாள். முதல் பிள்ளை அங்கே பிறந்து மறுநாளே போய்விட்டது. கொடியை அறுத்தவள் கை சுத்தமில்லை என்று ரோசலின் இன்றுவரை நம்பினாள். ஊரார் பிள்ளைகளையெல்லாம் எடுத்த கை அவளுடையது. சொந்தப் பேரப்பிள்ளைக்கு மட்டும் அந்தக் கை எட்டாமல் போயிற்று. இந்த முறை விடமாட்டாள். ஆனால் மோலி திட்டமாகச் சொல்லிவிட்டாள்: "உள் ரூம் காலியானா வர்றேன்மா. இல்லேன்னா இங்கேயே பெத்துக்கறேன். என் பிள்ளை கண்ணைத் திறந்ததும் அப்பாவோட ஓட்டை வாளியைப் பார்த்து பயந்துடும்."

உள் ரூம் என்று ஒன்று இருப்பதே ஒரு வதந்தி மாதிரிதான். கதவு கால் பங்குக்கு மேல் திறக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று கர்த்தருக்கும் மரியராஜுக்கும் மட்டுமே தெரியும்.

ரோசலினுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரவு டியூட்டி, வீங்கிய கால், ரத்தமில்லாத உடம்பு. காலையில் வந்து கஞ்சி குடித்துப் படுப்பதற்கு முன் அவளிடம் மிச்சமிருந்தது ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கும் ஜெபம் சொல்லும் நேரமும் அதைச் சொல்லும் அளவுக்கான மூச்சும்தான். அதையே அளவாக வைத்துக்கொண்டாள். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டு, வாயால் ஜெபம், கையால் வேலை. ஆமென் சொன்னதும் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திப் படுத்துவிடுவது.

தூக்க முடியாது. ஆகவே தூக்கவில்லை. கட்டினாள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டிய துணிகளை வெந்நீரில் அவித்து, காயவைத்து, மறுபடி சுருட்டி வைப்பார்கள். அதில் நைந்துபோய்க் கழித்த சுருள்களை அவள் கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து சாண் நீளம் வெட்டி, போகவேண்டிய சாமானில் ஒரு முடிச்சு. அவள் போடும் முடிச்சுக்கு ஆஸ்பத்திரியில் தனி மரியாதை. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். இழுக்க இழுக்க இறுகும். தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளும் பசவராஜிடம் சொல்லிவைத்தாள். "துணி கட்டினதெல்லாம் உனக்கு. கட்டாததைத் தொட்டே, உன் கையில கட்டு போடவேண்டி வரும்."

"நர்ஸம்மா கையால கட்டுன்னா அதுக்கும் சரிதான்," என்று அவன் சிரித்திருந்தான்.

*

கூடத்தின் ஓரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் கெம்பம்மா. இரவில் மரியராஜுக்குத் துணையாகப் படுக்க வரும் கன்னடக்காரி. அறுபது வயது. தூங்கினால் அவள் தலைமாட்டில் பீரங்கி வெடித்தாலும் புரண்டுகூடப் படுக்கமாட்டாள்.

"குடையெல்லாம் எங்கே கெம்பம்மா?"

"உங்க ஆளு வந்துட்டுப் போனானல்லா, அம்மாவ்ரே. ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டுது. சக்கரம் கிறீச், கிறீச்னு. அவன்தான்னு நெனச்சுத் தூங்கிட்டேன்."

"முன்கதவு பூட்டியிருந்துச்சே. நான்தானே இப்போ திறந்தேன்."

"பின்கதவும் தாழ் போட்டபடிதான் இருக்குது, நோடி," என்றாள் கெம்பம்மா. பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல, பாயைப் பாதியில் விட்டுவிட்டுத் தாழைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பசவராஜ் காலி வண்டியோடு வந்தான். கட்டியது எதுவும் வீட்டில் இல்லை. குடைகளுக்குப் பின் கூஜாக்கள், கூஜாக்களுக்குப் பின் பூட்ஸ்கள், ஒவ்வொரு காலையிலும் பெருக்கிய தரையும் சுண்ணாம்பும்தான்.

"ஏனம்மா, வேற ஆளு வெச்சுக்கிட்டீங்களா? சொல்லிடுங்க. எனக்கு ரோஷம் கிடையாது. ஆனா சும்மா வண்டி தள்ளிட்டு வர முதுகும் கிடையாது."

"நீ வந்து எடுத்துப்போகலையா?"

அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனான். திரும்பி வந்தபோது சிரிப்பில்லை. "சக்கரத் தடம் இருக்குது. நல்ல ஆழமா, பாரம் ஏத்தின வண்டி. ஆனா இழுத்தவன் காலடி இல்லையே அம்மா. மாட்டுக் குளம்பும் இல்லை." வாசற்படியைத் தாண்டாமலே எட்டி, தரையில் இருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தான். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு அந்தத் தெருவுக்கே அவன் வரவில்லை.

பயப்பட வேண்டிய இடம் இதுதான். ரோசலின் பயப்படவில்லை. முப்பது வருடம் குப்பையில் குடித்தனம் நடத்தியவளுக்குப் பயப்படவும் தெம்பு மிச்சமிருக்க வேண்டுமே. திருடன்தான் என்று முடிவு செய்தாள். இந்த மைசூர் ராஜ்ஜியத்திலேயே, ஏன், பாரத தேசத்திலேயே இப்படி ஒரு நல்ல திருடன் இருக்கமாட்டான். ஓட்டை வாளியைத் திருடி, இடத்தைப் பெருக்கி, எலிப்புழுக்கைக்குச் சுண்ணாம்பும் தூவிவிட்டுப் போகிறான். இவனை முப்பது வருடத்துக்கு முன்பே கட்டியிருக்கலாம்.

அப்போதுதான் அவளுக்கு வெறி பிடித்தது. ஜெபம் ஓடும் வேகத்தைவிடக் கை வேகமாக ஓடியது. நாலுகால் இல்லாத நாற்காலிகளுக்குக் கட்டினாள். ஓடாத கடிகாரங்களுக்குக் கட்டினாள். கூரை முட்டும் செய்தித்தாள் கட்டுகளுக்கு, திரியில்லாத அரிக்கேன் விளக்குகளுக்கு, பல் போன அரிவாள்மனைகளுக்கு, துருப்பிடித்த கத்திகளுக்கு. சுவரில் எதற்கென்று தெரியாமல் அடித்திருந்த ஆணிகளில்கூட ஒவ்வொரு துண்டு. கட்டிய எல்லாம் காலையில் இல்லை. ஆணி இருந்த ஓட்டைகளில் சுண்ணாம்பு அடைத்திருந்தது. வீடு ஒவ்வொரு நாளும் ஒரு சுற்றுப் பெரிதாயிற்று. உள் ரூமின் கதவு முழுதாகத் திறந்தது. இருபது வருடத்துக்குப் பின் அந்த ரூமின் ஜன்னலை அவள் பார்த்தாள். அதன் வழியே வெயில் வந்து தரையில் உட்கார்ந்தது. ரோசலின் அந்த வெயிலில் நின்று அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. இத்தனை நாளும் இது உள்ளேயே இருந்தது என்கிற ஆத்திரத்தில்.

ஒரு பெட்டி நிறையக் கத்தரிக்கோல்கள் கிடைத்தன. ஒன்றும் வெட்டாது. அதைப் பார்த்ததும் மரியராஜ் இடக்கையை நீட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "ஆகும்," என்றார். "ஆகும். ஆகும்." அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார், வலக்கையின் பலமும் இடக்கைக்கே வந்து சேர்ந்திருந்தது. சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக அவள் பிரித்தாள். பிரித்துக்கொண்டே சொன்னாள், "நீங்க பிடிச்சது போதும். என் ஆயுசைப் பிடிச்சீங்க, என் பொண்ணைத் தங்கவயலுக்குத் துரத்தினீங்க. இதையாவது விடுங்க." பெட்டியோடு கட்டினாள். துணி வெட்டிக்கொண்டிருந்த ஒரே நல்ல கத்தரிக்கோலால் கடைசித் துண்டை வெட்டி, அந்தத் துண்டை அந்தக் கத்தரிக்கோலிலேயே கட்டினாள். அப்போது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வெறும் சுவரில் பட்டு அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது.

மரியராஜ் இரவில் தூங்குவதை நிறுத்திவிட்டார் என்று கெம்பம்மா சொன்னாள். பின்கட்டு நடையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ரோசலின் அவர் படுக்கையைத் தட்டிப் போட்டபோது தலையணைக்கடியில் ஒரு பிடி கட்டுத்துணித் துண்டுகள். கைக்கு எட்டிய சாமான்களில் இருந்து பல்லாலும் ஒற்றைக் கையாலும் அவிழ்த்து ஒளித்திருக்கிறார். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க அவருக்கு எத்தனை ராத்திரி ஆகியிருக்கும். ஈறெல்லாம் ரத்தம் கன்றியிருந்தது.

"செத்தாலும் உங்க புத்தி போகாதா," என்றாள் ரோசலின்.

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கஞ்சத்தனம் இல்லை என்பது அன்று அவளுக்குத் தெரியவில்லை.

*

வீட்டில் எலி பிடிக்க வந்து தங்கிவிட்ட ஒரு பழுப்புப் பூனை இருந்தது. அன்று சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது அது முன்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தது. தகரம் கிழித்திருந்தது. அவள் கை சும்மா இருக்குமா. டிங்சர் தடவி, தலையணைக்கடியில் கிடைத்த துண்டுகளில் ஒன்றை எடுத்துக் கட்டி, கோணிமேல் படுக்கவைத்துவிட்டுப் போனாள்.

காலையில் கோணி இருந்தது. அதன்மேல் சுண்ணாம்பு.

சுருண்டு படுத்த பூனையின் அளவுக்கு. வாலின் வளைவு உட்பட.

கெம்பம்மா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுடைய இன்னொரு கையில் மூட்டை.

"நான் நஞ்சன்கூட்டுக்கு மகன் வீட்டுக்குப் போறேன், அம்மாவ்ரே. இனி வரமாட்டேன்."

"பூனை எங்கே கெம்பம்மா?"

"நேத்து நான் முழிச்சுட்டேன். அது கத்தின கத்துல முழிச்சுட்டேன்." அவள் பின்கட்டுப் பக்கம் திரும்பாமல் பேசினாள். "எனக்கு ஏழெட்டு வயசுல இந்தத் தெருவுல ப்ளேக் வந்துது. வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு ஜனங்க ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் போவாங்க. நோய் ஒட்டின சாமானுக்கெல்லாம் ஒரு வெள்ளைத் துணி கட்டி விட்டுடணும். பின்சந்துல வண்டி வரும். எடுத்துட்டு, பெருக்கி, சுண்ணாம்பு போட்டுட்டுப் போகும். எங்க சின்னம்மாவுக்கு நெறி கட்டியிருந்துது. ஒத்தடம் கொடுத்துத் துணி சுத்தியிருந்தாங்க." அவள் கக்கத்துப் பாயை இறுக்கிக்கொண்டாள். "உயிர் இருக்குதா இல்லையான்னு வண்டிக்காரன் பார்க்கமாட்டான், அம்மாவ்ரே. துணி இருக்குதான்னு மட்டும்தான் பார்ப்பான்."

"அது எப்பவோ நடந்தது."

"ஹௌது. எப்பவோ நடந்தது," என்றாள் கெம்பம்மா. "வீட்டுக்காரி கண்ணு முழிச்சிருந்தா அது வராது. நீங்கதான் ராத்திரி இருக்கிறதே இல்லையே."

அவள் போன பிறகு ரோசலின் மிச்சத் துண்டுகளையெல்லாம் அடுப்பில் போட்டாள். வெட்டாத ஒரு முழுச் சுருளை மட்டும், ஆஸ்பத்திரித் துணியை எரிக்கக் கை வராமல், பரண்மேல் வைத்தாள். பெரிய நர்ஸிடம் கெஞ்சி விடுப்பு வாங்கினாள். இரவில் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்கொட்டாமல் விழித்திருந்தாள். கட்டியது ஒன்றும் இல்லாததால் ஒன்றும் வரவில்லை. மெழுகுவத்தி மட்டும் எரிந்தது. பழைய இரவுகளில் ஓடுகளில் எலி ஓடும், தகரம் சரியும், காகிதம் சலசலக்கும். இப்போது எதுவும் இல்லை. தன் மூச்சு சுவருக்குச் சுவர் போய்வருவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

மோலி ஜட்காவில் வந்து இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள்.

"அம்மா, வீடு மாறி வந்துட்டேனா? நம்ம வீட்ல இவ்வளவு தரை இருந்ததா?"

"காலைக் கழுவிட்டு வாடி. வந்ததும் வாயாடாதே."

"பேசினா எதிரொலிக்குதும்மா. கோயில் மாதிரி இருக்கு." அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய செத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்னப்பா, எல்லாத்தையும் அம்மா வாரிக் கொட்டிட்டாங்களா? உங்களை மட்டும் எப்படி விட்டுவெச்சாங்க?"

"ஆகும்," என்றார் மரியராஜ். கண்ணில் இருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"சரிதான். எதுக்காவது ஆவீங்க," என்றாள் மோலி, துடைத்துவிட்டபடி.

ரோசலின் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடக் கசப்பில் ஒரு வாய் குறைந்தது. இந்த ரூம், இந்த வெயில், இந்தப் பெண். இதற்காகத்தான்.

நாலாம் நாள் விடியற்காலையில் வலி எடுத்தது. எடுத்த வேகத்தில் யாரையும் கூப்பிட நேரமில்லை. வெந்நீர் வைத்தாள். கத்தரிக்கோல் தேடினாள். அப்போதுதான் வீட்டில் கத்தரிக்கோல் என்று ஒன்று இல்லை என்பது உறைத்தது. ஒரு பெட்டி நிறைய இருந்த வீடு. மரியராஜ் சவரம் செய்த ஒரே ஒரு பிளேடு குளியலறை மாடத்தில் கிடைத்தது; அதை அவித்துக் கொடியை அறுத்தாள். பெண் குழந்தை. நன்றாக, வீடே நிறையும்படி அழுதது. சுத்தமான கையால் எடுத்த பிள்ளை. நஞ்சுக்கொடியையும் பிளேடையும் பின்சந்தை ஒட்டிய கொல்லையில் ஆழக் குழிதோண்டிப் புதைத்து, கல்லும் வைத்துவிட்டு வந்தாள்.

அதன்பின் அவள் கை செய்ததை அவள் செய்யவில்லை. முப்பது வருடமாக ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும் செய்ததையே கை செய்தது. தன் வெள்ளை யூனிபார்ம் புடவையை மடித்து மோலியின் வயிற்றை இறுக்கிக் கட்டியது. பரண்மேல் எட்டி, சுருளை எடுத்து அவித்து, உலர்த்தி, குழந்தையின் தொப்புளைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது. வெட்டக் கத்தரிக்கோல் இல்லை. அந்தத் துணி நீளவாக்கில் கிழியும், குறுக்கே கிழியாது. மிச்சச் சுருளை அப்படியே குழந்தைக்குக் கீழே சொருகினாள். அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

"தாத்தாகிட்ட கொஞ்ச நேரம் கொடுங்கம்மா," என்றாள் மோலி, தூக்கக் குரலில். "கையை நீட்டிக்கிட்டே இருக்காரு பாருங்க."

மரியராஜின் இடக்கை வளைவுக்குள் குழந்தையை வைத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். ரோசலின் கட்டிலுக்கும் உள் ரூமுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மத்தியான வெயில். ஜன்னலை மூடிய புழுக்கம். நாலு இரவு மூடாத கண்.

*

பெருக்கும் சத்தம்.

சரக். சரக். கெம்பம்மா வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தூக்கத்துக்குள் நினைத்தாள். நல்லவேளை. பெருக்கட்டும். யாரோ மாவு சலிப்பதுபோல மெல்ல ஒரு உதிர்வு. நனைந்த வைக்கோல் வாசனை. பிறகு சக்கரம். கிறீச். நின்றது.

கெம்பம்மா நஞ்சன்கூட்டில் இருக்கிறாள்.

கண்ணைத் திறந்தாள். விளக்கு வைக்கும் நேரம். வைக்க விளக்கு இல்லாததால் கூடம் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

உள் ரூமுக்குள் பார்த்தாள். கட்டில் இருந்தது. விரிப்பு இருந்தது. விரிப்பின்மேல் வெள்ளை.

ஒருக்களித்துப் படுத்த பெண்ணின் வடிவம். மடக்கிய முழங்கால். பிள்ளை கிடக்கவேண்டிய பக்கம் நீட்டிய ஒரு கை. ஐந்து விரல்களும் தனித்தனியாக.

"மோலி," என்றாள்.

"மோலி," என்றது வெற்று வீடு.

தரை பெருக்கியிருந்தது. வளைவு வளைவாக, ஓரம் சுத்தமாக.

"ஆகும்."

பின்னாலிருந்து. அவள் திரும்பினாள். மரியராஜ் குழந்தையை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். அவர் முகமெல்லாம் வேர்வை. வாயோரம் ரத்தம். குழந்தையின் வயிற்றில் இருந்து வந்த துணி அவருடைய முஷ்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, கட்டில் சட்டத்தைத் தாண்டி, நடைக்குள் போனது. தரையில் கிடக்கவில்லை. முழங்கால் உயரத்தில், விறைப்பாக, நேர்கோடாக. பின்கதவு தாழ் போட்டபடி இருந்தது. துணி கதவுக்கு அடியில் போகவில்லை. கதவின் ஊடே போனது.

வெட்டவேண்டும்.

கத்தி இல்லை. அரிவாள்மனை இல்லை. உடைத்துக் கீற ஒரு கண்ணாடிச் சில்லு இல்லை. சுவரில் ஓர் ஆணி இல்லை. எல்லாவற்றையும் அவள் கட்டிவிட்டாள். பிளேடு உண்டு. கொல்லையில், கல்லுக்கடியில். அந்தக் கதவுக்கு அப்பால்.

குனிந்து குழந்தையின் வயிற்றில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்தாள். ஈரத் துணி. உப்பு. சுண்ணாம்பு. அவளுடைய முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். கட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தது. அதன் கால் தரையில் கீறிற்று. முடிச்சு இன்னும் இறுகியது. குழந்தை அழவில்லை. அழ மூச்சு போதவில்லை.

"விடாதீங்க," என்றாள் ரோசலின். முப்பது வருடத்தில் முதல்முறையாக. "விடாதீங்க, விட்டுடாதீங்க."

"ஆகும்," என்றார் அவர்.

அவர் விடவில்லை. அந்த முஷ்டியில் நரம்புகள் கயிறுகளாக எழுந்து நின்றன.

கதவுக்கு அப்பால் ஒரு சிறிய, ஒழுங்கான சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த சத்தம். வார்டில், வேலையெல்லாம் முடிந்த நேரத்தில், உள்ளங்கைக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து, ஓரம் பிசகாமல், அவசரமில்லாமல். துணியைச் சுருட்டும் சத்தம்.

நெருங்கி வந்தது. கதவைத் தாண்டி. நடையைத் தாண்டி. கட்டிலின் பக்கத்தில்.

நின்றது.

மரியராஜின் முஷ்டியில் சுண்டுவிரல் மெல்ல நிமிர்ந்தது. யாரோ பொறுமையாகப் பிரித்தெடுப்பதுபோல.

பிறகு அதற்கு அடுத்த விரல்.